மூன்றாவது பொத்தான் கறுப்பு

காணாமல் போன ஒரு மனிதரைப் பற்றி நான் எழுதிய அறிவிப்பைப் படித்துக் காட்டியதும், எதிரே உட்கார்ந்திருந்த ஒன்பது பேர் கைதட்டினார்கள்.

கைதட்டல்! அதுவும் ‘காணவில்லை’ அறிவிப்புக்கு! இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு ஹால் உண்டு. வளைகாப்பு, பிறந்தநாள், சங்கக் கூட்டத்துச் சண்டை எல்லாம் அங்கேதான். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அது என் எழுத்து வகுப்பு. அன்று முந்தின நாள் பிறந்தநாளின் பலூன்கள் இன்னும் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தன. கேக் வாசனை போகவில்லை.

பத்தேகாலுக்கு வசந்தி போன் செய்தாள். வகுப்பில் பத்தாவது ஆள் அவள். ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் வீடு. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. அவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். அன்று வரவில்லை.

“மேடம், அப்பாவக் காணல. காலைலேர்ந்து. வாட்ஸப்ல அனுப்புறதுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன். எனக்குக் கை ஓட மாட்டேங்குது.”

எனக்குக் கை ஓடியது. ஐந்தே நிமிடம்.

‘அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் அருமைத் தந்தையார் திரு. பரமசிவம் (வயது 74) அவர்கள் இன்று காலை முதல் காணவில்லை என்பதை ஆழ்ந்த மன வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். மாநிறம், நடுத்தர உயரம், வெள்ளைச் சட்டை, வேட்டி அணிந்திருந்தார். அவரைக் காணும் நல்லுள்ளங்கள் மனிதநேயத்தோடு…’

இப்படியே போகும். கடைசி வரியில் ‘விழிகளில் நீரோடு காத்திருக்கும் குடும்பத்தினர்’ வேறு! கைதட்டாமல் என்ன செய்வார்கள்?

நான் காணாம போகல!

அறிவிப்பு பறந்தது. ஆவடி, அம்பத்தூர், திருவேற்காடு என்று ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு. போன இடமெல்லாம் கும்பிடும் கைகள், அழும் முகங்கள். பதினொன்றரைக்குள் வசந்திக்கு ஐந்து அழைப்புகள்.

ஐந்தும் வேறு வேறு பெரியவர்கள்.

திருமுல்லைவாயலில் கோயில் வாசலில் ஒருவர். அம்பத்தூர் ரயில் நிலையத்தில் ஒருவர். ஒரு தெருவில் பால் வாங்கப் போன மனிதரையே யாரோ நிறுத்தி வைத்துக்கொண்டு போனைக் கொடுத்திருக்கிறார்கள். “அம்மா, நான் காணாம போகல. எங்க ஊட்டுக்குத்தான் போயிகினு கீறேன். விடச் சொல்லும்மா!” என்று அவர் கத்தினாராம்.

சிரிப்பு வரும் விஷயம்தான். ஆனால் போனின் அந்தப் பக்கம் வசந்தி சிரிக்கவில்லை. “மேடம், எல்லாரும் எங்கப்பாவா தெரியறாங்க எல்லாருக்கும்” என்றாள்.

அந்த வாக்கியம் என்னைச் சுட்டது. மாநிறம், நடுத்தர உயரம், வெள்ளைச் சட்டை, வேட்டி. மேற்குச் சென்னையில் எழுபது வயதைத் தாண்டிய பாதிப் பேரை நான் காணாமல் போகச் செய்திருந்தேன்! அந்த ஒரு மனிதரை மட்டும் எழுதவில்லை.

படம் அனுப்பினீர்களா என்று கேட்பீர்கள். அனுப்பினார்கள். வசந்தியின் கல்யாணத்தில் எடுத்தது. பட்டு வேட்டி, கறுகறுவென்று மீசை, தொப்பை. அந்த மனிதர் இப்போது பாதியாக இளைத்து, மீசையை எடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. வசந்தியின் போன் நிறையத் தோசைப் படமும் நாய்க்குட்டிப் படமும் இருக்கின்றன. அப்பாவின் புதுப் படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டால் அவர் எழுந்து போய்விடுவாராம்.

வகுப்பைப் பாதியில் நிறுத்தினேன். தெருமுனையில் ஆட்டோ பிடித்தேன்.

யாரு மூடணும்?

ஆட்டோ வேலப்பன்சாவடிப் பாலத்தடியில் நெரிசலில் நின்றபோது எனக்கு மண்ணூர்பேட்டை ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிவிட்டு முத்தாபுதுப்பேட்டைக்கு வருகிறேன்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில். தகடு அடிக்கும் இயந்திரங்கள். நாள் பூரா தரை அதிரும். டம்ளரில் இருக்கும் டீயில் வட்டம் வட்டமாக அலை எழும். ஒவ்வோர் இயந்திரத்துக்குப் பக்கத்திலும் மாட்ட எச்சரிக்கைப் பலகை எழுதுவது என் பொறுப்பு.

நான் எழுதினேன்: ‘இயந்திரம் இயக்கப்படுவதற்கு முன்னர் பாதுகாப்புக் கதவு மூடப்பட்டிருப்பது உறுதிசெய்யப்பட வேண்டும்.’

அந்த இயந்திரத்தில் நின்றவள் என் வயதுக்காரி. பலகையைப் படித்தாள். என்னைப் பார்த்தாள்.

“இன்னாம்மா இது? யாரு மூடணும்? நானா, நீயா?”

பலகையைக் கழற்றிக்கொண்டு போய் மாற்றி எழுதினேன். ‘முதலில் கதவை மூடு. பிறகு பச்சைப் பொத்தானை அழுத்து.’ அவள் படித்துவிட்டு, “ஆங், இப்ப கரீட்டு” என்றாள். அவ்வளவுதான். அந்த ‘கரீட்டு’ என்ற சொல்லைத் துரத்திக்கொண்டுதான் இத்தனை வருடமும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

எழுத்தைப் பற்றிய என்னுடைய இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று: “நன்றாக எழுத என்ன செய்ய வேண்டும்?” அலுவலகக் கடிதமோ, கதையோ, குடியிருப்புச் சங்கத்துக்குப் புகாரோ, எழுதி முடித்ததும் உங்கள் ஒவ்வொரு வரியிடமும் அவள் கேட்டதைக் கேளுங்கள். யார் செய்கிறார்? ‘செய்யப்பட்டது’, ‘தெரிவிக்கப்பட்டது’ என்ற சொற்களுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒளிந்துகொண்டிருப்பார். வெளியே இழுத்து நிறுத்துங்கள். வரிக்கு உயிர் வந்துவிடும். சத்தமாகப் படியுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். முதல் பத்தியை எழுதுங்கள், எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்து முன்னுரைப் பழக்கம் நம்மை விடுவதில்லை; முதல் பத்தியில் பெரும்பாலும் தொண்டையைத்தான் செருமிக்கொண்டிருப்போம்.

இதையெல்லாம் வாராவாரம் மற்றவர்களுக்குச் சொல்கிறவள்தான் ‘விழிகளில் நீரோடு’ என்று எழுதியிருந்தாள். ஆட்டோவில் உட்கார்ந்து அதைப் போனில் திரும்பப் படித்தேன். வெட்கம் ஒருபுறம். இன்னொருபுறம், எப்படிச் சொல்வது, ஒரு பரபரப்பு. இதைச் சரிசெய்ய முடியும்! எப்படி என்று எனக்குத் தெரியும்!

வெள்ளைச் சட்டை இல்லை

வசந்தியின் கணவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, ரயில் நிலையம் ரயில் நிலையமாகப் பைக்கில் தேடப் போயிருந்தார். வசந்தி வாசல் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். “வசந்தி, அப்பா என்ன உடுத்தியிருந்தார்?”

“வெள்ளைச் சட்டை.”

“பார்த்தியா?”

“பாக்கல. நான் குளிச்சிட்டிருந்தேன். எப்பவும் வெள்ளைதான் போடுவாரு…”

“யாராவது பார்த்தாங்களா?”

தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணிக்கு இஸ்திரி போடும் மல்லிகாவிடம் வசந்தியின் கணவர் காலையிலேயே கேட்டிருக்கிறார். “பாத்தேன், இப்டிக்கா போனாரு” என்று அவள் கையைக் காட்ட, அவர் அந்தத் திசையில் ஓடிவிட்டார். அதற்கு மேல் யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை.

நாங்கள் போனோம். கரி கனிந்த வாசனை, ஈரத்துணியில் பெட்டி பட்டதும் எழும் ஆவி. மல்லிகா பெட்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“வெள்ளையா? யாரு சொன்னது? பச்ச கோடு போட்ட அரக்கை சட்ட. நேத்து சாங்காலம் நான்தான் பொட்டி போட்டுக் குட்த்தேன். மூணாவது பட்டன் மட்டும் கறுப்பு. மத்ததெல்லாம் வெள்ள. யாரோ மாத்தித் தெச்சிகீறாங்க.”

“நான்தான் தெச்சேன்” என்றாள் வசந்தி, மெதுவாக. “போன மாசம். வெள்ளை பட்டன் கிடைக்கல.”

பச்சைக் கோடு! கறுப்புப் பொத்தான்! ஒரே நிமிடத்தில் அந்த மனிதர் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக வந்து நின்றுவிட்டார். நோட்டில் பேனா தானாக ஓடியது.

“வேற என்ன பார்த்தீங்க?”

“வேற இன்னா… வழில கீற கம்பத்தயெல்லாம் ஒரு தட்டு தட்டி, காத வச்சிக் கேட்டுகினே போனாரு. தெனிக்கும் அப்டித்தான். ‘இன்னா நைனா, கம்பம் இன்னா சொல்லுது?’ன்னு கேட்டேன். ‘நல்லாருக்கு, விரிசல் இல்ல’ன்னாரு.”

நான் எழுதப் போனேன். வசந்தி என் கையைப் பிடித்தாள்.

“அத எழுத வேணாம் மேடம்.”

அவர் எப்படிப்பட்டவர் என்றல்ல

அவளை அந்த வண்டியின் நிழலிலேயே நிற்கவைத்துப் பேசினேன். ஏன் வேண்டாம்?

“அவரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலைல இன்ஸ்பெக்டரா இருந்தவரு. வார்த்து வர்ற உருப்படியத் தட்டி, சத்தத்த வெச்சே உள்ள கீறல் இருக்கான்னு சொல்லிருவாரு. அவரு கையெழுத்து இல்லாம ஒண்ணும் வெளிய போகாது. எங்க குவார்ட்டர்ஸ்ல அவருக்கு அவ்வளவு மரியாதை. இப்ப ஞாபகம் தப்பிப்போச்சு, கை மட்டும் மறக்கல. போஸ்டு, கேட்டு, எதப் பாத்தாலும் தட்டறாரு. அத எழுதினா ஊரே சிரிக்கும். பைத்தியம்னு சொல்லுவாங்க. அவரு பிறகு திரும்பி வந்தாலும்… இந்தத் தெருவுல எப்படி நடப்பாரு?”

எழுதுகிறவர்கள் அடிக்கடி வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. ஒருவரைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற அந்த ஒரு விவரம்தான், அவரைச் சேர்ந்தவர்கள் மறைத்து வைக்க விரும்புவதாகவும் இருக்கும். என்னுடைய அப்பாவாக இருந்தால் எழுதியிருப்பேனா? தெரியவில்லை.

“வசந்தி, நீ சொல்றபடி. வேணாம்னா விட்டுடலாம். பொத்தான் இருக்கு.”

மல்லிகா பெட்டியைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள். “பட்டன் கிட்டக்க போனாத்தாம்மா தெரியும். தட்டறது ரோட்டுக்கு அந்தாண்டேர்ந்தே தெரியும்.”

வசந்தி வெகுநேரம் ரோட்டையே பார்த்தாள். மணி ஒன்று. வெயில் தார்மீது பளபளத்தது. காலையில் அவர் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தார்.

“எழுதுங்க” என்றாள். “ஆனா ‘மனநிலை சரியில்லாதவர்’னு எழுதாதீங்க. அது மட்டும் கூடாது.”

“எழுத மாட்டேன். அவர் எப்படிப்பட்டவர்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என்ன செய்வார்னு மட்டும் சொல்றேன்.”

நானே அதுவரை அறியாத ஒன்று என் வாயிலிருந்து வந்துவிட்டது! ‘மனநிலை சரியில்லாதவர்’ என்பது முத்திரை. ‘கம்பத்தைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார்’ என்பது மனிதர். கோபக்காரர், கஞ்சன், நல்லவர் என்று எழுத வரும்போதெல்லாம் பேனாவை ஒரு நொடி நிறுத்துங்கள். அவர் என்ன செய்ததைப் பார்த்து அப்படிச் சொல்ல வந்தீர்கள்? அதை எழுதுங்கள். மற்றதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

வண்டியின் பலகைமேல் நோட்டை வைத்து எழுதினேன். வசந்தி ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்தாள். மல்லிகா இரண்டு இடத்தில் “புரில” என்றாள். அந்த இரண்டையும் மாற்றினோம்.

‘முத்தாபுதுப்பேட்டையிலிருந்து இன்று காலை ஏழு மணிக்கு வெளியே போன அப்பாவைத் தேடுகிறோம். பெயர் பரமசிவம். வயது 74. ஒல்லி. மீசை இல்லை. பச்சைக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை. மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு. இரும்புக் கம்பத்தைக் கண்டால் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார். முகவரி கேட்டால் சொல்லத் தெரியாது. “பரமசிவம் சார்” என்று கூப்பிட்டால் நிற்பார். நிழலில் உட்காரவைத்து எங்களைக் கூப்பிடுங்கள்.’

கீழே போன் எண். அருமைத் தந்தையார் இல்லை, ஆழ்ந்த வேதனை இல்லை. பழைய கல்யாணப் படத்தையும் எடுத்துவிட்டோம்.

அனுப்பினோம்.

நான்கு வரி

காத்திருப்பதைப் பற்றி நீளமாக எழுதலாம். எழுத மாட்டேன். வசந்தி ஒரு சோற்றுப் பருக்கையைக்கூடத் தொடவில்லை. நான் அவள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தேன்.

இந்த முறை அழைப்புகள் குறைவு. திருமுல்லைவாயல் பெரியவரும் பால் வாங்கப் போனவரும் தப்பித்தார்கள். இரண்டு மணிக்குக் கொஞ்சம் பிறகு, பெயர் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. வசந்தி படித்துவிட்டுப் போனை என் கையில் திணித்தாள்.

‘பெர்சு இங்கதான் கீறாரு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பின்னாடி டீக்கட. வட துன்னுகினு கீறாரு. பயப்படாம வாங்க.’

இந்த நான்கு வரியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து இன்று எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். படித்துப் பாருங்கள்! முதல் வரியில் உயிர். இரண்டாவதில் இடம். மூன்றாவதில் ஒரே ஒரு காட்சி. அந்த வடையில் எல்லாம் இருக்கிறது. அடிபடவில்லை, அழவில்லை, பசியோடு இல்லை, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள். நான்காவது வரி, படிக்கிறவளின் நெஞ்சில் ஒரு கை. ‘விழிகளில் நீரோடு’ எழுதிய நான் இப்படி நான்கு வரி எழுத இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ!

பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். பின்சீட்டில் வசந்தியும் நானும். பருத்திப்பட்டு ஏரி, சென்னீர்குப்பம் எல்லாம் ஜன்னலில் வந்து போயின. அவள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். “வட துன்னுகினு கீறாரு” என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சொன்னாள். நானும் சிரித்தேன். காலையிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது.

பூந்தமல்லி

டீக்கடைக்காரர் எங்களுக்காகத் தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும், தோளில் துண்டு.

“வாங்க, வாங்க. உள்ள ஃபேன் கீழ உக்கார வச்சிகீறேன். ஒரு மணி நேரமா பஸ் ஸ்டாண்டு கம்பத்த ஒவ்வொண்ணா தட்டிகினு இருந்தாரு. நான் முனிசிபாலிட்டிலேர்ந்து செக் பண்ண வந்துகீறாருன்னு நெனச்சேன்! அப்பால எங்கூட்டுக்காரி போன்ல உங்க மெசேஜக் காட்னா. கிட்டப் போயி பட்டனப் பாத்தேன். மூணாவது கறுப்பு. ‘பரமசிவம் சார்’ன்னேன். டக்குனு நின்ட்டாரு.”

வசந்தி உள்ளே ஓடினாள். எனக்கு அந்த நிலையிலும் ஆர்வம் தாங்கவில்லை. “அந்த மெசேஜை நீங்களா எழுதினீங்க? எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமா!”

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. “அதுல இன்னா மேடம் கீது? தேடறவங்களுக்கு மொதல்ல இன்னா வேணும்? ஆளு கீறாரா, இல்லியா. அதச் சொல்லிட்டா மத்தத மெதுவா சொல்லலாம்.”

நான் உள்ளே போனேன். பரமசிவம் சார் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்ணெய்த் தாளில் பாதி வடை. வசந்தி எதிரே நின்றுகொண்டு, “அப்பா… அப்பா…” என்று அதற்கு மேல் வராமல் திணறினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பெயர் வரவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. தேடினார். கிடைக்காமல் பார்வையைக் கீழே இறக்கினார்.

அப்படியே நின்றுவிட்டது அந்தப் பார்வை.

“ஏட்டி” என்றார், பெண்பிள்ளையை உரிமையோடு கூப்பிடும் அவர்கள் திருநெல்வேலிப் பேச்சில். “ஒரு கால்ல ஒன் செருப்பு, இன்னொரு கால்ல வேற யார் செருப்பையோ போட்டுட்டு வந்திருக்க. கால் வலிக்கலியா?”

நான் குனிந்து பார்த்தேன். வலது காலில் அவளுடைய நீல ரப்பர் செருப்பு. இடது காலில் அவள் கணவரின் பழுப்புத் தோல் செருப்பு, குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல்கடை நீண்டிருந்தது.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பூந்தமல்லி வரை, நாற்பது நிமிடம், நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தேன்.